வெங்காயத் தோல், ரியோ இலை, உப்புத் தண்ணீர்: செல்லின் பாகங்களை வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

செல் படத்தைப் பள்ளியில் எத்தனையோ முறை வரைந்திருப்போம், வண்ணம் அடித்து அம்புக்குறி போட்டுப் பெயரும் எழுதியிருப்போம். ஆனால் மைக்ரோஸ்கோப்பைக் கொடுத்து, செல் சுவர் எது, செல் சவ்வு எது என்று காட்டச் சொன்னால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் திணறிப் போவார்கள். திணறத்தான் வேண்டும், ஏனென்றால் சும்மா இருக்கிற செல்லில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகத்தான் தெரியும். செல்லுக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். சாயம் ஏற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும், வெளிச்சத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு பாகமும் தன் வேலையின் மூலம் தன்னைக் காட்டும். என் மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் செய்து காட்டி, எந்த வரிசையில் செய்தால் நன்றாகப் புரிகிறது என்று பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

என்னென்ன வேண்டும்

மாணவர்களுக்கான சாதாரண மைக்ரோஸ்கோப், கண்ணாடி ஸ்லைடு, கவர் ஸ்லிப், புது பிளேடு, கூர்முனை இடுக்கி, ஒரு இங்க் ஃபில்லர், டிஷ்யூ பேப்பர். பெட்டியின் மேல் 1200 மடங்கு என்று பெரிதாக எழுதியிருக்கும் பிளாஸ்டிக் லென்ஸ் பொம்மை மைக்ரோஸ்கோப்பை வாங்காதீர்கள், பெரிதாகத் தெரியுமே தவிர தெளிவாகத் தெரியாது. கண்ணாடி லென்ஸ் வைத்து 4, 10, 40 மடங்கு பொருளருகு லென்ஸ்களும் 10 மடங்கு கண்ணருகு லென்ஸும் இருந்தால் இந்தப் பதிவில் உள்ள எல்லாமே பார்க்கலாம் (அதாவது மொத்தம் 40, 100, 400 மடங்கு). மைக்ரோஸ்கோப் வாங்க முடியாதவர்களுக்கு ஃபோல்ட்ஸ்கோப் நல்ல வழி. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷின் குழு உருவாக்கிய காகித மைக்ரோஸ்கோப் அது, 140 மடங்கு காட்டும், வெங்காயத்துக்கும் ரியோ இலைக்கும் தாராளமாகப் போதும்.

சாயத்துக்கு மருந்துக் கடை பெட்டாடின் கரைசல் (அயோடின் உள்ளது) போதும், ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். மெத்திலீன் புளூ மீன் வளர்ப்புக் கடைகளில் கிடைக்கும்.

முதல் படி: வெங்காயம்

பெரிய வெங்காயத்தை நான்காக வெட்டி, உள்ளே இருக்கும் சதைப்பற்றான ஒரு அடுக்கை எடுங்கள். அதன் குழிவான பக்கத்தில் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு மெல்லிய தோல் இருக்கும், அதை இடுக்கியால் உரித்து நகம் அளவுக்கு வெட்டி, ஸ்லைடில் ஏற்கெனவே வைத்திருக்கும் தண்ணீர்ச் சொட்டில் போடுங்கள். உரித்த தோலை ஒரு நிமிடம் காற்றில் வைத்தாலே சுருண்டுவிடும், அப்புறம் விரிப்பது பெரும்பாடு. கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பை முதலில் தண்ணீரில் தொடவைத்து மெதுவாகச் சாய்த்து இறக்குங்கள், நேராகப் போட்டால் காற்றுக் குமிழிகள் மாட்டிக்கொள்ளும்.

இந்தக் காற்றுக் குமிழியைத்தான் முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் செல் என்று நினைத்துக் கூப்பிடுவார்கள். வட்டமாக, தடித்த கறுப்பு விளிம்போடு, நடுவில் பளிச்சென்று எதுவுமே இல்லாமல் இருந்தால் அது காற்று. வெங்காயச் செல் நீள்சதுரமாக, செங்கல் கட்டியது போல வரிசையாக இருக்கும்.

வெளிச்சம் (அவசரப்படாமல் படியுங்கள்)

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இது, எந்தப் பாடப்புத்தகமும் இதைச் சரியாகச் சொல்வதில்லை. சாயம் ஏற்றாத செல் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி ஒளி ஊடுருவும் பொருள். விளக்கை முழுசாக வைத்தால் எல்லாம் வெள்ளையாகிவிடும், செல் இருந்தும் இல்லாத மாதிரி இருக்கும். நன்றாகத் தெரியவில்லையே என்று நாம் வெளிச்சத்தை இன்னும் கூட்டுவோம், இன்னும் மோசமாகும். ஸ்லைடு வைக்கும் மேடைக்குக் கீழே டயாஃப்ரம் என்று ஒரு சின்ன நெம்புகோலோ, பல அளவு ஓட்டைகள் கொண்ட ஒரு வட்டத் தகடோ இருக்கும். அதைப் பாதிக்கு மேல் மூடுங்கள். படம் கொஞ்சம் இருட்டாகும், ஆனால் சுவர்க் கோடுகள் சட்டென்று எழுந்து நிற்கும்.

இப்போது ஃபோகஸ் செய்யும் சின்ன திருகை மேலும் கீழும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தி வைத்துப் பார்க்காதீர்கள். செல் ஒரு தட்டையான படம் இல்லை, அதற்கு ஆழம் உண்டு. திருகைத் திருப்பும்போது மேல்பரப்பு மங்கி அடிப்பரப்பு தெளிவாகும், அது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் பெட்டாடின். கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ பேப்பரைத் தொடவைத்தால் சாயம் தானாகவே உள்ளே இழுக்கப்படும். ஸ்லைடைப் பிரிக்கவே வேண்டாம். இந்த உத்தியைக் கையில் பழகிக்கொள்ளுங்கள், அடுத்து இதுதான் எல்லாமே. சில நிமிடங்களில் ஒவ்வொரு செல்லிலும் ஒரு பழுப்பு மஞ்சள் உருண்டை தெரியும். அதுதான் உட்கரு. 1831இல் ராபர்ட் பிரௌன் ஆர்க்கிட் செடியின் தோலில் கண்டு பெயர் வைத்ததும் இதைத்தான். டிஎன்ஏ இதற்குள் இருக்கிறது, எந்தப் புரதத்தை எப்போது செய்வது என்ற கட்டளை இங்கிருந்துதான் போகிறது.

பாடப்புத்தகப் படத்தில் உட்கரு பெரும்பாலும் நடுவில் இருக்கும். வெங்காயத்தில் அது சுவரோரமாக ஒதுங்கிக் கிடக்கும். செல்லின் நடு இடம் முழுவதையும் வாக்குவோல் என்ற நீர்ப்பை பிடித்துக்கொண்டு, சைட்டோபிளாசம் என்ற செல் கூழையும் உட்கருவையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டதுதான் காரணம். சில செல்களில் நடுவில் இருப்பது போலத் தெரியும், அங்கே சின்ன திருகைத் திருப்பிப் பாருங்கள், அது மேல் சுவரிலோ அடிச் சுவரிலோ ஒட்டியிருப்பது புரியும்.

அளவும் எடுத்துவிடலாம். ஒளி ஊடுருவும் ஸ்கேலை 4 மடங்கு லென்ஸின் கீழ் வைத்தால் பார்வை வட்டத்தின் குறுக்களவு கிடைக்கும், பல மைக்ரோஸ்கோப்களில் அது சுமார் 4.5 மில்லிமீட்டர். 10 மடங்கு லென்ஸுக்கு மாறினால் அது 1.8 மில்லிமீட்டராகக் குறையும். அந்த 1.8க்குள் நீளவாக்கில் ஆறு செல்கள் இருந்தால் ஒன்றின் நீளம் 0.3 மில்லிமீட்டர். நம் ரத்தச் சிவப்பணு இதில் நாற்பதில் ஒரு பங்குதான்.

இரண்டாம் படி: ரியோ இலையும் உப்புத் தண்ணீரும்

இந்தப் பதிவே இதற்காகத்தான். ரியோ என்பது மேலே பச்சையாகவும் அடியில் கத்திரிப்பூ நிறமாகவும் இருக்கும் அழகுச் செடி, பூங்காக்களிலும் வீட்டு வாசல் தொட்டிகளிலும் பார்த்திருப்பீர்கள். இலையைச் சாய்வாகக் கிழித்தால் கிழிந்த விளிம்பில் ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய தோல் நீட்டிக்கொண்டு நிற்கும். அதை பிளேடால் வெட்டித் தண்ணீர்ச் சொட்டில் போடுங்கள். இதன் சாறு சிலருக்குத் தோலில் அரிக்கும், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

100 மடங்கில் பாருங்கள். அறுகோண ஓடுகள் பதித்த மாதிரி செல்கள், ஒவ்வொன்றிலும் மூலைவரை ஊதா நிரம்பியிருக்கும். அந்த நிறம் வாக்குவோலுக்குள் கரைந்திருக்கும் ஆந்தோசயனின். இப்போது 100 மில்லி தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பைக் கரைத்து, அதே டிஷ்யூ பேப்பர் முறையில் உள்ளே இழுங்கள், கண்ணை எடுக்காதீர்கள்.

ஊதா முதலில் மூலைகளை விட்டு விலகும். அப்புறம் சுற்றிலும் சுருங்கிச் சுருங்கி உருண்டையாகும், சுருங்கச் சுருங்க நிறம் அடர்த்தியாகும். ஆனால் வெளியே அறுகோணக் கட்டம் அப்படியே நிற்கும். அசையாமல் நிற்பது செல் சுவர். ஊதாவோடு உள்வாங்கியது செல் சவ்வு. இதற்கு பிளாஸ்மோலைசிஸ் என்று பெயர். சைக்கிள் டயருக்குள் ட்யூபில் காற்று இறங்கினால் ட்யூப் மட்டும் தளர்ந்து விலகுமே, அதே கதைதான். வாக்குவோல் தண்ணீரால் நிரம்பிச் சுவரை அழுத்திக்கொண்டிருக்கும் வரை செடி விறைப்பாக நிற்கும், அழுத்தம் போனால் கீரை வாடும். வெள்ளரிப் பிஞ்சை நறுக்கி உப்புத் தூவியதும் தண்ணீர் விடுகிறதே, அதுவும் இதனால்தான்.

சுவருக்கும் ஊதாவுக்கும் நடுவே விழுந்த அந்தக் காலி இடத்தில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். காற்று என்பார்கள். இருப்பது நீங்கள் ஊற்றிய உப்புத் தண்ணீர். செல்லுலோஸாலான சுவர் வழியாக உப்பு தாராளமாக உள்ளே வந்துவிட்டது, சவ்வுதான் அதை எளிதில் விடவில்லை, தண்ணீரை மட்டும் வெளியே விட்டது. சுவர் தாங்குகிறது, சவ்வு தேர்ந்தெடுக்கிறது. இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்களுக்கு இரண்டும் குழம்பவே குழம்பாது. ஒரு சின்னத் திருத்தமும் சொல்லிவிடுகிறேன்: ஊதாவின் விளிம்பு கறாராகச் சொன்னால் வாக்குவோலின் சவ்வு. செல் சவ்வு அதற்கு வெளியே, சைட்டோபிளாசத்தின் மெல்லிய படலத்தைத் தாண்டி இருக்கிறது, அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் இந்த மைக்ரோஸ்கோப்பில் பிரித்துப் பார்க்க முடியாது.

பிறகு வெறும் தண்ணீரை இழுத்துவிட்டால் ஊதா மறுபடி விரியும். இன்னொரு துண்டை வெந்நீரில் முக்கி எடுத்துப் பாருங்கள், நிறம் வெளியே கசிந்துவிடும், உப்பு ஊற்றினாலும் எதுவும் நடக்காது. சூட்டில் சவ்வுகள் சிதைந்துவிட்டன, சுவர் மட்டும் மிச்சம். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையில் பார்த்து செல் என்று பெயரிட்டதும் இப்படி உயிர்போன சுவர்களைத்தான்.

ரியோ தோலில் நிறமில்லாத சின்னச் சின்னத் தீவுகளும் தெரியும். நடுவில் பச்சைப் புள்ளிகளோடு இரண்டு காப்புச் செல்கள், சுற்றிலும் நான்கு துணைச் செல்கள், அது இலைத்துளை. விட்டுவிடாமல் பாருங்கள்.

மூன்றாம் படி: கணிகங்கள்

மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் ஹைட்ரில்லாவின் இளம் இலை ஒன்றை முழுசாகவே ஸ்லைடில் வைக்கலாம், இலை இரண்டே செல் தடிமன்தான். கணிகங்கள் என்பவை தாவரச் செல்லுக்குள் இருக்கும் சின்னப் பைகள். இங்கே தெரியும் பச்சை உருண்டைகள் பசுங்கணிகங்கள், ஒளிச்சேர்க்கை நடக்குமிடம். இலையைக் கொஞ்ச நேரம் விளக்கு வெளிச்சத்தில் வைத்திருந்து, நடு நரம்புக்கு அருகே 400 மடங்கில் பொறுமையாகப் பாருங்கள், பசுங்கணிகங்கள் சுவரோரமாக வரிசையாக ஊர்ந்து போகும். அவை தாமாக நீந்தவில்லை, சைட்டோபிளாசம் வாக்குவோலைச் சுற்றி ஓடுகிறது, அந்த ஓட்டத்தில் இவையும் போகின்றன.

உருளைக்கிழங்கை பிளேடால் சுரண்டி அந்தச் சாற்றில் பெட்டாடின் விட்டால் நீலக் கறுப்பு முட்டைகள். அவை மாவுச்சத்து மணிகள், அவற்றைச் சேர்த்து வைத்திருப்பதும் ஒருவகைக் கணிகம்தான். வெயில் பட்ட உருளைக்கிழங்கு பச்சையாவது அந்தக் கணிகங்கள் பசுங்கணிகங்களாக மாறுவதால்.

நான்காம் படி: நம் கன்னம்

புதுப் பஞ்சுக் குச்சியால் உங்கள் சொந்தக் கன்னத்தின் உட்புறத்தை லேசாகத் தேய்த்து ஸ்லைடில் தடவி, ஒரு சொட்டு மெத்திலீன் புளூ. குச்சியை ஒருவருக்கு மேல் பயன்படுத்தாதீர்கள், முடிந்ததும் குப்பையில் போடுங்கள். ஒழுங்கில்லாத விளிம்போடு தட்டையான செல்கள், நடுவில் கருநீல உட்கரு. சுவர் கிடையாது, அதனால்தான் ஓரங்கள் மடங்கிக் கிடக்கின்றன. வெங்காயத்தை முதலில் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் தாவரச் செல்லுக்கும் விலங்குச் செல்லுக்கும் அட்டவணை போட்டு வித்தியாசம் எழுதத் தேவையே இருக்காது.

பார்க்க முடியாதவை

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா எங்கே, புரதம் செய்யும் ரைபோசோம் எங்கே என்று பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். ஒளி மைக்ரோஸ்கோப் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சாதாரணமாக 0.2 மைக்ரோமீட்டருக்கு நெருக்கமான இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது. ரைபோசோம் அதில் பத்தில் ஒரு பங்குதான். மைட்டோகாண்ட்ரியா ஓரளவு பெரியது, ஆனால் அதற்குத் தனிச் சாயமும் 1000 மடங்கு எண்ணெய் லென்ஸும் வேண்டும். எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வந்த பிறகுதான் ஜார்ஜ் பாலாடே போன்றவர்கள் ரைபோசோமைத் தெளிவாகக் கண்டார்கள், ஒரு புரதம் எண்டோபிளாச வலைப்பின்னலில் உருவாகி, கோல்கை உறுப்பு வழியாகப் பொதியப்பட்டு, செல்லை விட்டு வெளியேறும் பாதையைக் கணையச் செல்களில் தொடர்ந்து கண்டுபிடித்தார்கள். 1974 நோபல் பரிசு பாலாடே, ஆல்பர்ட் கிளாட், கிறிஸ்டியன் டி டூவ் மூவருக்கும். ஆகவே உங்கள் ஸ்லைடில் தெரியும் புள்ளி எதையாவது காட்டி இதுதான் ரைபோசோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

பின்சேர்க்கை 1: வெங்காயத்தில் பெட்டாடின் விட்டும் நீலம் வரவில்லை என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். வராது. வெங்காயம் மாவுச்சத்தைச் சேர்ப்பதில்லை, சர்க்கரைகளாகவே வைத்துக்கொள்கிறது. உங்கள் சாயத்தில் கோளாறு இல்லை.

பின்சேர்க்கை 2: ரியோ செல் சுருங்கியது, தண்ணீர் விட்டும் விரியவில்லை என்றால் உப்பு அதிகமாகியிருக்கும், அல்லது ரொம்ப நேரம் உப்பிலேயே கிடந்து செல் செத்திருக்கும். உப்பைப் பாதியாக்குங்கள், சுருங்கியதும் தாமதிக்காமல் தண்ணீருக்கு மாற்றுங்கள்.

பின்சேர்க்கை 3: ரியோ கிடைக்காதவர்கள் ஊதா நிறப் பல்லாரி வெங்காயத்தை எடுத்து, இந்த முறை அடுக்கின் குவிந்த வெளிப்பக்கத் தோலை உரியுங்கள். உரிக்கக் கொஞ்சம் அடம்பிடிக்கும், எல்லாச் செல்லிலும் நிறம் இருக்காது. நன்றாக நிறம் உள்ள பகுதியைத் தேடிப் பிடித்துவிட்டு உப்பை விடுங்கள், விட்ட பிறகு தேடினால் சுருங்கும் காட்சி முடிந்திருக்கும்.