பொது மேலாளரின் வீரர் பரிமாற்றங்களை எடைபோடுவது எப்படி: பீட்டர் சியாரெல்லியின் கணக்கு

பனித்தளத்தில் ஆடப்படும் ஹாக்கியின் முதன்மை லீக்கான என்.எச்.எல்.லில், அணிக்கான வீரர்களை வாங்கி விற்கும் பொது மேலாளர் ஒருவர் பதவியிழந்த மறுநாளே, அவர் செய்த வீரர் பரிமாற்றங்கள் ஒவ்வொன்றுக்கும் நேராக 'வென்றார்', 'தோற்றார்' என்று குறியிட்ட பட்டியல்கள் வெளிவந்துவிடும். படிக்கச் சுவையாக இருந்தாலும், அவர் எப்படிப்பட்ட மேலாளர் என்பதை அவை சொல்வதில்லை. முறையாக எடைபோட விரும்புகிறவர், விளைவுகள் முழுமையாகத் தெரிந்துவிட்ட ஒருவரின் கணக்கை எடுத்துப் பழகுவது நல்லது. 2006 முதல் 2015 வரை பாஸ்டன் புரூயின்ஸ் அணியையும், 2015 முதல் 2019 ஜனவரி வரை எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியையும் நிர்வகித்த பீட்டர் சியாரெல்லி இதற்கு மிகப் பொருத்தமானவர். 2011இல் லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியைக் கட்டியவரும் அவரே. எட்மன்டன் ரசிகர்கள் இன்றும் கசப்போடு பேசும் சில பரிமாற்றங்களைச் செய்தவரும் அவரே.

எந்தப் பரிமாற்றம் யாருடையது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் லீக்கின் சிறந்த கோல்காவலருக்கான வெசினா விருதைப் பெற்ற டூக்கா ராஸ்க், 2006 ஜூனில் ஆண்ட்ரூ ரேகிராஃப்ட்டுக்கு ஈடாக டொராண்டோவிலிருந்து பாஸ்டனுக்கு வந்தார். அப்போது சியாரெல்லியின் நியமனம் அறிவிக்கப்பட்டிருந்தாலும், அவர் இன்னும் ஒட்டாவா அணியின் ஒப்பந்தத்திலேயே இருந்தார். பாஸ்டனில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர் இடைக்கால மேலாளர் ஜெஃப் கார்ட்டன். எனவே அந்தப் பெருமை கார்ட்டனைச் சேரும். அதேபோல் சியாரெல்லியின் காலத்தில் பாஸ்டன் பெற்ற டூகி ஹாமில்டனை 2015இல் கால்கரிக்கு அனுப்பியது, அவருக்குப் பின் வந்த டான் ஸ்வீனியின் நிர்வாகம்.

அடுத்து ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தேதி, போனவர்கள், வந்தவர்கள், அன்றைய வயது, ஒப்பந்தத்தில் எஞ்சிய ஆண்டுகள், ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் விதிக்கும் உச்சவரம்பில் அவர்கள் அடைக்கும் தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னாளில் யார் எத்தனை கோல் அடித்தார் என்பதை இப்போதைக்கு எழுத வேண்டாம். எழுதிவிட்டால் கண் அங்கேயே போய் நிற்கும். முடிவெடுத்த நாளில் மேலாளருக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்விக்குத்தான் முதல் விடை வேண்டும். அன்று சரியாக இருந்த முடிவு காயத்தால் கெட்டுப்போவதும், அன்று தவறாக இருந்தது அதிர்ஷ்டத்தால் பிழைத்துக்கொள்வதும் இந்த ஆட்டத்தில் சாதாரணம்.

2016 ஜூன் 29 அன்று நடந்த பரிமாற்றத்தை இந்த வகையில் பார்ப்போம். டிராஃப்ட் என்பது இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு; பின்தங்கிய அணிகளுக்கு அதில் முன்னுரிமை உண்டு. 2010 டிராஃப்ட்டில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடதுபுற முன்வரிசை வீரர் டெய்லர் ஹால், நியூஜெர்சி டெவில்ஸின் தடுப்பாட்டக்காரர் ஆடம் லார்சனுக்கு ஈடாக, ஆளுக்கு ஆள் என்ற முறையில் கொடுக்கப்பட்டார். ஹாலுக்கு வயது 24. ஆண்டுக்கு 60 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் நான்கு ஆண்டுகள் எஞ்சியிருந்தன. லார்சனுக்கு வயது 23. ஏறத்தாழ 42 லட்சம் டாலரில் ஐந்து ஆண்டுகள் எஞ்சியிருந்தன. எட்மன்டனில் வலக்கைத் தடுப்பாட்டக்காரர்கள் பற்றாக்குறை இருந்தது உண்மை. அத்தகையவர்களுக்குச் சந்தையில் விலை அதிகம் என்பதும் உண்மை. ஆனால் தேவை உண்மையானது என்பதால் கொடுத்த விலையும் நியாயமானது என்று ஆகிவிடாது. லீக்கின் முன்னணி இடதுபுற வீரர்களுள் ஒருவரை, நல்ல தடுப்பாட்டக்காரர் ஆனால் கோல் வாய்ப்புகளை உருவாக்குவதில் பேர்பெறாத ஒருவருக்காக, கூடுதலாக ஒரு டிராஃப்ட் உரிமைகூடப் பெறாமல் கொடுத்தது அன்றைய தேதியிலேயே குறைவான விலை. 2018இல் 93 புள்ளிகளுடன் (ஒரு வீரரின் புள்ளி என்பது அவர் அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு) ஹால் லீக்கின் மிகச்சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையை வென்றது இந்தத் தீர்ப்பை உரக்கச் சொன்னதே தவிர, அதை உருவாக்கவில்லை.

இங்கே பணத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டே நாள் கழித்து, ஜூலை 1 அன்று, 28 வயதான மிலான் லூச்சிச்சுடன் எட்மன்டன் ஏழு ஆண்டுகளுக்கு 4 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 60 லட்சம்: ஹால் காலி செய்த அதே தொகை. உச்சவரம்பு உள்ள லீக்கில் இவ்விரண்டையும் தனித்தனியாக மதிப்பிடுவது கணக்கைத் திரிப்பதாகும். இளமையான, வேகமான இடதுபுற வீரரின் இடத்தில் வயதான, வேகம் குறைந்த ஒருவரை நீண்ட காலத்துக்கு அமர்த்தியதும் அந்தப் பரிமாற்றத்தின் ஒரு பகுதியே.

அடுத்து வந்த 2016–17 பருவத்தில் எட்மன்டன் அணிகளின் தரவரிசைப் பட்டியலில் 103 புள்ளிகள் எடுத்து, 2006க்குப் பிறகு முதன்முறையாக, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. லார்சனின் வரவே காரணம் என்று அப்போது பலர் வாதிட்டனர். முந்தைய பருவத்தில் 45 ஆட்டங்களே ஆட முடிந்த கானர் மெக்டேவிட் அவ்வாண்டு முழுப் பருவமும் ஆடி 100 புள்ளிகள் எடுத்ததையும், கோல்காவலர் காம் டால்பட் 73 ஆட்டங்களில் இறங்கியதையும் அந்த வாதம் மறந்துவிட்டது. அணியின் வெற்றியைப் பரிமாற்றத்தின் வெற்றியாக எண்ணுவதற்கு முன், அதே நேரத்தில் வேறென்ன மாறியது என்று பாருங்கள். ஆனால் டால்பட்டை நியூயார்க் ரேஞ்சர்ஸிடமிருந்து சில டிராஃப்ட் உரிமைகளுக்கு வாங்கியவரும் சியாரெல்லிதான் என்பதால், அந்தப் பாராட்டை டால்பட் பரிமாற்றத்தின் வரிசையில் அவருக்குக் கொடுத்துவிட வேண்டும்.

டிராஃப்ட் உரிமைகளை மதிப்பிடுவதில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். 2015இல் 16ஆவது, 33ஆவது தேர்வு உரிமைகளை நியூயார்க் ஐலண்டர்ஸுக்குக் கொடுத்து, கிரிஃபின் ரைன்ஹார்ட் என்ற தடுப்பாட்டக்காரரை எட்மன்டன் வாங்கியது. 16ஆவது இடத்தில் ஐலண்டர்ஸ் எடுத்த மாத்யூ பார்சல், தன் முதல் முழுப் பருவத்தில் 85 புள்ளிகள் எடுத்து, சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வென்றார். 'பார்சலைக் கொடுத்து ரைன்ஹார்ட்டை வாங்கினார்' என்று எழுதுவது எளிது. ஆனால் அது சரியான வாக்கியம் அன்று. கொடுக்கப்பட்டது பார்சல் அல்லர், அந்த இடத்தில் யாரையாவது தேர்ந்தெடுக்கும் உரிமை. எட்மன்டன் வேறு யாரையேனும் எடுத்திருக்கக்கூடும். ஆகவே அத்தகைய உரிமைக்கு வழக்கமாக என்ன மதிப்பு என்பதையே எடையாகக் கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தாலும் இந்தப் பரிமாற்றம் தேறுவதில்லை. அடுத்த இரண்டு இடங்களில் கைல் கானரும் தாமஸ் ஷபாட்டும் எடுக்கப்பட்ட அளவுக்குச் செழிப்பான ஆண்டு அது. ரைன்ஹார்ட்டோ எட்மன்டனுக்காக 29 ஆட்டங்களே ஆடினார். அவர் இளையோர் ஹாக்கியை ஆடியது ஆயிலர்ஸ் உரிமையாளருக்கே சொந்தமான எட்மன்டன் ஆயில் கிங்ஸ் அணியில். கண்ணெதிரே வளர்ந்த பையனுக்குக் கூடுதல் விலை கொடுப்பது மேலாளர்களிடம் அடிக்கடி காணப்படும் பலவீனம் என்பதால், இப்படிப்பட்ட தொடர்பையும் ஓர் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

அதே அளவுகோலை அவருக்குச் சாதகமான இடத்திலும் பிடிக்க வேண்டும். 2009இல் பாஸ்டனோடு ஒப்பந்தத்துக்கு இணங்காத பில் கெஸ்ஸலை டொராண்டோவுக்குக் கொடுத்து, இரண்டு முதல் சுற்று உரிமைகளையும் ஓர் இரண்டாம் சுற்று உரிமையையும் சியாரெல்லி பெற்றார். டொராண்டோ மறுபருவத்தில் கடைசிக்கு முந்தைய இடத்துக்குச் சரிந்ததால், முதல் உரிமை இரண்டாவது தேர்வாகி டைலர் செகினைத் தந்தது. அடுத்தது ஹாமில்டனைத் தந்தது. அந்தச் சரிவு அதிர்ஷ்டம். ஆனால் பேரம்பேசும் வலு குறைந்த நிலையில், எதிரணி எவ்வளவு கீழே போனாலும் செல்லும் நிபந்தனையற்ற உரிமைகளைக் கேட்டு வாங்கியது திறமை. என் கணிப்பில் அவருடைய மிகச் சிறந்த பரிமாற்றம் இதுதான்.

கோப்பைக்காகச் செய்யப்பட்டவற்றை வேறு தராசில் வைக்க வேண்டும். 2011 பிப்ரவரியில் பிளேக் வீலரையும் மார்க் ஸ்டூவர்ட்டையும் அட்லாண்டாவுக்குக் கொடுத்து, ரிச் பெவர்லியையும் இன்னொருவரையும் வாங்கினார். வீலர் பின்னர், அட்லாண்டா அணி இடம்பெயர்ந்து உருவான வினிபெக் அணியின் தலைவராகி, இரண்டு பருவங்களில் 91 புள்ளிகள் எடுத்தார். வெறும் புள்ளிக் கணக்கில் இது படுதோல்வி. ஆனால் நான்கு மாதங்களில் கோப்பை பாஸ்டனுக்கு வந்தது, பெவர்லியும் அதில் ஆடினார். முந்தைய ஆண்டு ஃபுளோரிடாவிலிருந்து வாங்கிய நேதன் ஹார்ட்டன், அதே பிளேஆஃப்பில் மான்ட்ரியாலுக்கும் டாம்பாவுக்கும் எதிரான தொடர்களை முடிவுசெய்த ஏழாம் ஆட்டங்களில் வெற்றிக் கோல்களை அடித்தார். கோப்பை எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. எதற்காக விலை கொடுக்கப்பட்டதோ அது கிடைத்ததா என்று கேட்பதும் கணக்கில் சேரும்.

ஒரே பரிமாற்றத்தோடு நிற்காமல், வந்தவர் எங்கே போனார் என்று சங்கிலியாகத் தொடருங்கள். 2017இல் ஜோர்டன் எபர்லே ஐலண்டர்ஸுக்குப் போய் ரையன் ஸ்ட்ரோம் வந்தார். 2018 நவம்பரில் ஸ்ட்ரோம் ரேஞ்சர்ஸுக்குப் போய் ரையன் ஸ்பூனர் வந்தார். ஒவ்வொரு படியிலும் மதிப்பு இறங்கியது.

பட்டியல் முழுமையானதும் எண்ணிக்கையைப் பார்க்காமல் வகையைப் பாருங்கள். ஒரு டிராஃப்ட் உரிமையும் ஓர் இளம் வீரரும் கொடுத்து வாங்கிய பாட்ரிக் மரூன் 2016–17இல் 27 கோல்கள் அடித்தார். ஓரங்கட்டப்பட்டிருந்த கோல்காவலர் பென் ஸ்க்ரிவன்ஸுக்கு ஈடாக வந்த சாக் கஸ்ஸியன் பல ஆண்டுகள் பயன்பட்டார். இத்தகைய சிறு வெற்றிகள் பத்து சேர்ந்தாலும் ஒரு ஹாலின் எடைக்கு வராது. சியாரெல்லி வாங்குவதில் தேர்ந்தவர், விற்பதில் தடுமாறியவர் என்பதே இங்கு தெரியும் வடிவம். விற்ற நேரங்களை அடுக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2013 பிளேஆஃப்பில் 22 ஆட்டங்களில் செகின் அடித்தது ஒரே கோல். ஜூலையில் அவர் டாலஸுக்கு விற்கப்பட்டார், அடுத்த பருவத்தில் 37 கோல்கள் அடித்தார். 2017 பிளேஆஃப்பில் எபர்லே 13 ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்கவில்லை. ஜூனில் விற்கப்பட்டார், அடுத்த பருவத்தில் 25 கோல்கள் அடித்தார். இருபது ஆட்டங்களின் வறட்சி ஒரு வீரரின் தரத்தைச் சொல்லப் போதாது என்பது அன்றே தெரிந்த செய்தி.

செகினை விற்றபின் வந்த பருவத்தில் பாஸ்டன் 117 புள்ளிகளோடு லீக்கிலேயே முதலிடம் பிடித்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆழமான அணியில் தவறான விற்பனையின் வலி தெரியச் சில ஆண்டுகள் ஆகும். ஆழமற்ற எட்மன்டனில் அது உடனே தெரிந்தது. ஆகவே ஒரு மேலாளரை இன்னொருவரோடு ஒப்பிடும்போது, பரிமாற்றம் நடந்த நாளில் அவரவர் கையில் எத்தகைய அணி இருந்தது என்பதற்கும் பட்டியலில் ஒரு பத்தி ஒதுக்கிவிடுங்கள்.