யமாட்டோ போர்க்கப்பல் மாதிரியை 1/700 அளவில் அமைக்கும் முறை

263 மீட்டர் நீளமுள்ள ஜப்பானியப் போர்க்கப்பல் யமாட்டோ, 1/700 அளவில் ஏறத்தாழ 37.6 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுவதால், புத்தக அலமாரியிலேயே அதற்கு இடம் கிடைத்துவிடும். பசையைத் திறப்பதற்கு முன்பே, கப்பலின் எந்தக் காலத்துத் தோற்றத்தைக் காட்டப்போகிறோம் என்று முடிவுசெய்ய வேண்டும். 1941 டிசம்பரில் பணியில் சேர்ந்தபோது இருபக்கமும் இருந்த 15.5 சென்டிமீட்டர் பீரங்கிக் கோபுரங்கள் 1944இல் அகற்றப்பட்டு, அங்கே விமான எதிர்ப்புப் பீரங்கிகள் பொருத்தப்பட்டன. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் செய்த மாதிரி, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், என் பார்வையில் முழுமை பெறாது.

பாகங்களைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்துங்கள். கப்பலின் மேல்தளம் மரப்பலகை வேய்ந்தது. ஆகவே அதற்கு முதலில் வெளிர் மரநிறம் பூசி, நன்கு காய்ந்தபின் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, பக்கங்களுக்கு, யமாட்டோ கட்டப்பட்ட குரே கப்பல் கட்டுமிடத்தின் சாம்பல் நிறத்தை மெல்லிய பூச்சுகளாக அடிப்பது நல்லது. தடித்த ஒரே பூச்சு நுண்ணிய வேலைப்பாடுகளை அடைத்துவிடும். பித்தளைக் கைப்பிடி வேலிகளைச் சூப்பர் க்ளூவை ஊசிமுனையில் தொட்டு ஒட்டுங்கள். கொடிமரக் கம்பிகளுக்கு, பாகங்களைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டொன்றை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, இளகியதும் சுடரிலிருந்து விலக்கி நிதானமாக இழுத்தால், தலைமயிர் போன்ற இழை கிடைக்கும். வார்னிஷ் பூசுவது கடைசி வேலை. பளபளப்பற்ற வகையையே வாங்குங்கள், ஏனெனில் இவ்வளவு சிறிய அளவில் மினுமினுப்பு பொம்மைத் தோற்றத்தைத் தந்துவிடும்.