யூடியூபுக்கு லென்ஸ் வாங்குமுன் அறையை அளந்துவிடுங்கள்

சேனல் தொடங்கப்போகிறேன் என்றதும் கிடைக்கும் முதல் யோசனை, "50 எம்எம் எஃப் 1.8 வாங்கிடு, பேக்ரவுண்ட் சூப்பரா பிளர் ஆகும்" என்பதுதான். எம்எம் என்பது லென்ஸின் குவிய நீளம், அது கூடக்கூடப் படத்தில் அடங்கும் அகலம் குறையும். எஃப் எண் லென்ஸின் துவார அளவு, எண் சின்னதாக இருந்தால் துவாரம் பெரிது. விலை குறைவு, பிளரும் உண்மை. ஆனால் சின்ன அறையில் உட்கார்ந்து பேசப்போகிறவருக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது. உங்களிடம் ஆரம்பநிலை ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்) கேமராவும் அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

1. டேப்பை எடுங்கள்
கேமராவுக்கும் உங்கள் நாற்காலிக்கும் நடுவே எவ்வளவு தூரம்? பத்துக்குப் பத்து அறையில் கட்டில், பீரோ, ட்ரைபாட் கால் எல்லாம் போக ஐந்தடி மிஞ்சினால் பெரிய விஷயம். அந்த ஐந்தடியில் 50 எம்எம் பிடிப்பது இரண்டேகால் அடி அகலம்தான். தலையும் தோளும் வரும். கையை விரித்துப் பேசினால் விரல்கள் வெளியே போய்விடும். அதே இடத்தில் 30 எம்எம் நாலடிக்குக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும், 16 எம்எம் ஏறக்குறைய ஏழடி.

2. கிட் லென்ஸில் ஒத்திகை
ஜூம் வளையத்தை 18-இல் வைத்து ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். அப்புறம் 35, அப்புறம் 50. மூன்றையும் போனில் போட்டுப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதை ஒட்டிய லென்ஸைத் தேடினால் போதும்.

கையில் பிடித்து நடந்தபடியே பேசுவதென்றால் கணக்கு வேறு. கை நீளம் இரண்டடிதான், ஆட்டத்தைக் குறைக்கும் டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷனைப் போட்டால் அது ஓரங்களையும் வெட்டிவிடும். 11 முதல் 16 எம்எம் வரை பாருங்கள். ரொம்பக் கிட்டே பிடித்தால் மூக்கு பெரிதாகத் தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

3. எஃப் எண்
நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட் மினுக்காமல் இருக்க, நொடிக்கு 25 ஃப்ரேமில் ஷட்டரை 1/50 நொடியில் வைக்கிறோம். ஷட்டரை மாற்ற வழியில்லாதபோது வெளிச்சத்துக்கு லென்ஸைத்தான் நம்ப வேண்டும். எஃப் 5.6-ஐவிட எஃப் 1.8 கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். ஜன்னலோரம் உட்கார்ந்து பகலில் எடுப்பவருக்கு இந்தச் செலவே வேண்டாம்.

4. ஃபோகஸ்
பழைய லென்ஸ்களின் மோட்டார் சத்தம் கேமரா மைக்கில் அப்படியே பதிவாகும். கேனானில் எஸ்டிஎம் (ஸ்டெப்பிங் மோட்டார்) என்று போட்டிருந்தால் அந்தத் தொல்லை குறைவு. சமையல், அன்பாக்சிங் எடுப்பவர்கள் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தையும் பாருங்கள். கேனான் இஎஃப் 50 எஸ்டிஎம்முக்கு அது 35 செ.மீ.

5. மவுண்ட்
லென்ஸைக் கேமராவில் மாட்டும் இணைப்புதான் மவுண்ட். கேனான் இஎஃப் மவுண்ட் லென்ஸ் ஆர்எஃப் மவுண்ட் கேமராவில் அடாப்டர் இல்லாமல் பொருந்தாது. நிக்கான் டி3500-இல் ஏஎஃப்-எஸ் (லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ளது) அல்லாத பழைய ஏஎஃப் லென்ஸைப் போட்டால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. செகண்ட் ஹேண்ட் என்றால் பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்திவலை மாதிரி இழை தெரிந்தால் ஃபங்கஸ், விலை பேசாமல் வந்துவிடுங்கள்.

உங்கள் ஊரில் வாடகைக்குக் கிடைத்தால், ஒரு நாள் எடுத்து அதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முழு வீடியோ எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் லென்ஸ் வாங்கப் பணத்தைக் கொடுங்கள்.