மறைந்திருந்த மடிநோயும் எனக்குக் கிடைத்த பொறுப்பும்

நான் கறவையாளராகச் சேர்ந்த பண்ணையில், பாலின் சோமாட்டிக் செல் எண்ணிக்கை, அதாவது மடியில் தொற்று இருந்தால் பாலில் கூடும், பெரும்பாலும் வெள்ளையணுக்களான உடல் செல்களின் அளவு, உயர்ந்துகொண்டே வந்தது. மடியில் வீக்கமோ பாலில் திரிதலோ தென்படாததால் மற்றவர்கள் தீவனத்தைச் சந்தேகித்தார்கள். எனக்கோ கறவை முறையின் மீதுதான் ஐயம்.

மில்லிலிட்டருக்கு 2,00,000 செல்களுக்கு மேல் இருந்தால் அறிகுறி காட்டாத மடிநோயாக இருக்கலாம் என்பதால், மேலாளரின் அனுமதியுடன் ஒவ்வொரு மாட்டின் நான்கு காம்புகளின் பாலையும் கலிபோர்னியா மடிநோய்ப் பரிசோதனைத் தட்டின் குழிகளில் தனித்தனியே பீய்ச்சி, கரைசல் கலந்து சுழற்றிப் பார்த்தேன். நோயுற்ற காம்பின் பால் மட்டும் கூழாகத் திரண்டது. தொற்று மற்றவற்றுக்குப் பரவாதிருக்க, அந்த மாடுகளைக் கடைசியாகக் கறந்தோம். சிகிச்சையைக் கால்நடை மருத்துவர் பார்த்துக்கொண்டார்.

கறவை இயந்திரத்தில் காம்பைப் பற்றிக்கொள்ளும் உறைகளான ரப்பர் லைனர்களைச் சுமார் 2,500 முறை கறந்ததும் மாற்ற வேண்டும்; எங்களுடையவை வெடிப்பு விட்டிருந்தன. விரிசல்களில் கிருமி தங்கும் என்பதால் எல்லாவற்றையும் மாற்றினோம். மாட்டுக்கொரு துணியால் காம்பைத் துடைத்து, முதல் தொடுகையிலிருந்து 60 முதல் 90 விநாடிகளுக்குள் இயந்திரத்தைப் பொருத்தி, கறந்தபின் காம்புகளை அயோடின் கரைசலில் நனைத்தோம். காம்புத் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும், அதுவரை தரையிலுள்ள கிருமி உள்ளே புகலாம் என்பதால், மாடுகள் உடனே படுத்துவிடாதிருக்கக் கறவைக்குப் பிறகே தீவனம் வைத்தோம். செலவில்லாத இந்த மாற்றத்திற்குத்தான், வேடிக்கையாக, எதிர்ப்பு அதிகம்.

செல் எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்தது. மாடுவாரியாக நான் எழுதிவந்த குறிப்பேட்டைப் பார்த்த மேலாளர், மந்தையின் உடல்நலப் பதிவுகளையும் புதிய கறவையாளர்களுக்கான பயிற்சியையும் என்னிடம் ஒப்படைத்தார்.