வாரச் சீட்டில் மைல் குறைந்த கதை: என் அனுபவம்

அமெரிக்காவில் சொந்த டிரக்கை ஒரு சரக்கு நிறுவனத்துக்கு லீஸில் விட்டு நானே ஓட்டுகிறேன். கூலி மைல் கணக்கில். ஓடோமீட்டர் காட்டுவதைவிட வாரக் கூலிச் சீட்டில் மைல் எப்போதும் குறைவு. புது டயர் போட்டதால் ஓடோமீட்டர் பிசகுகிறதோ என்று ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டேன், சரியாகவே இருந்தது. லோடு ஒதுக்கும் டிஸ்பேட்சரைக் கேட்டால் சிஸ்டம் போடும் கணக்கு என்பதோடு சரி.

விடை ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில், பொடி எழுத்தில் இருந்தது: 'ஹவுஸ்ஹோல்ட் குட்ஸ்' மைல். ஊருக்கு ஊர் ஆகக் குறைந்த சாலைத் தூரம் அது. டிரக் வழக்கமாகப் போகக்கூடிய வழியின் தூரத்துக்கு 'பிராக்டிகல்' மைல் என்று பெயர். டீசல் செலவுக்காகத் தரும் கூடுதல் தொகையான டீசல் சர்சார்ஜும் அந்தக் குட்டை மைலுக்குத்தான்! மைலுக்கு எத்தனை சென்ட் என்று மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது.

அப்புறம் என்னிடமிருந்த ஒப்பந்தத்தையும் வேறொரு நிறுவனம் தந்ததையும் எடுத்து, காலி ஓட்டத்தையும் சேர்த்து, மொத்தத் தொகையை ஓடோமீட்டர் மைலால் வகுத்தேன். ரேட் குறைவாகத் தெரிந்த மற்றதுதான் மேலே வந்தது. 'பிராக்டிகல் மைல்' என்று எழுதி வாங்கிக்கொண்டு அங்கே மாறிவிட்டேன். இப்போது சீட்டு இடிப்பதில்லை.

உங்கள் கூலி மைலுக்கு இல்லாமல் லோடு வருமானத்தில் சதவீதம் என்றால், அந்த லோடுக்கான கட்டண பில்லான ஃபிரைட் பில்லின் நகலைக் கேளுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சி லீஸ் விதிப்படி நிறுவனம் பணம் தரும்போதோ அதற்கு முன்போ அதையும் தர வேண்டும்.