பிரேக் நட்டை முறுக்கும் முன்: நாம் அடிக்கடி செய்யும் தவறுகள்

போன மழைக்காலத்தில் பைக்கின் செயின் தொங்குகிறது என்று ஒரு கடையில் விட்டு இழுத்துக் கட்டச் சொன்னேன். பத்து நிமிட வேலை. அப்படியே நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறைக்குக் கிளம்பினேன். ஏற்றத்தில் வண்டி இழுக்கவே இல்லை, கியரைக் குறைத்தாலும் திணறியது. ரப்பர் தோட்டத்து ஓரமாக நிறுத்திக் குனிந்தால் பின்சக்கரத்தின் நடுவே பிரேக் இருக்கும் டிரம்மிலிருந்து கருகல் வாடை. அதன்மேல் விழுந்த தூறல் ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். செயினை இழுக்கும்போது பின்சக்கரம் கொஞ்சம் பின்னால் நகரும். பெடலிலிருந்து டிரம்முக்குப் போகும் பிரேக் கம்பியின் நீளமோ மாறாது. அதனால் கால் வைக்காமலேயே பிரேக் அரைகுறையாகப் பிடித்தபடி இருக்கும். செயினில் கை வைத்தால் பின்பிரேக்கையும் மறுபடி செட் பண்ணியே ஆக வேண்டும். கூடவே, டிரம் தட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் கம்பியின் நட்டையும் பாருங்கள். அது கழன்றால் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று சக்கரமே பூட்டிக்கொள்ளும்.

நம்மில் பலர் கடையில் போய் நின்றதும் “பிரேக்க நல்லா டைட்டா வையுங்க அண்ணாச்சி” என்போம். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. தொட்டதும் பிடிக்கிற பிரேக் நல்ல பிரேக் இல்லை. டிரம்முக்குள் விரிந்து அதை அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி வேண்டும். அந்த இடைவெளிதான் பெடலில் சும்மா இறங்கும் தூரமாக நமக்குத் தெரிகிறது, கடையில் ‘ப்ளே’ என்பார்கள். சாதாரண 100 சிசி பைக்குகளில் பின் பெடலுக்குப் பொதுவாக 20 முதல் 30 மி.மீ. ப்ளே சொல்லப்படுகிறது. முன்பக்கம் டிரம் என்றால் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. உங்கள் வண்டிக்கு உரிய அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். தங்குதடையில்லாமல் சுற்ற வேண்டும். ‘சர்… சர்…’ என்று உரசினால் பிரேக் கம்பியின் பின்முனையில் இருக்கும் நட்டைத் தளர்த்துங்கள். அந்த நட்டை ஒருமுறை கிட்டத்தில் உற்றுப் பாருங்கள். அதன் ஒரு பக்கம் அரைவட்டமாகக் குடைந்திருக்கும். கம்பி இழுக்கும் நெம்புகோலான பிரேக் கையில் இருக்கும் உருண்டைப் பின்னின்மேல் அந்தக் குடைவு சரியாக உட்கார வேண்டும். பாதியில் நிற்கும்போது அளந்துவிட்டு ‘சரியா இருக்கு’ என்று போனால், இரண்டு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் நட்டு தன் இடத்தில் உட்கார்ந்து அளவு மாறிவிடும். அரைச் சுற்று திருப்புங்கள், பெடலை இரண்டு முறை மிதியுங்கள், அப்புறம் அளந்து பாருங்கள்.

இன்னொன்று உயிருக்கே ஆபத்தானது. தேய்ந்த ஷூவை மாற்றாமல் நட்டை மட்டும் முறுக்கிக்கொண்டே போவது. பிரேக் கையின் அடியில் சின்ன அம்புக்குறியும் டிரம் தட்டில் ஒரு அடையாளமும் பல வண்டிகளில் உண்டு. பெடலை முழுக்க அழுத்தும்போது அம்பு அந்த அடையாளத்தைத் தொட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது என்று பொருள். சிலர் அப்போதும் விடாமல் அந்தக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுப்பார்கள். நாலு நாள் நன்றாகப் பிடிக்கும். பிறகு உள்ளே ஷூவை விரிக்கும் கேம் அளவுக்கு மீறித் திரும்பி, பிரேக் திரும்பி வராமல் மாட்டிக்கொள்ளலாம். இதை யார் செய்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஷூ மாற்றும்போது டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதவும் கூடாது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் சில லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான பெரும்பாலான புது வண்டிகளில் ஒரு பிரேக்கை அழுத்தினால் முன்னும் பின்னும் சேர்ந்து பிடிக்கும் அமைப்பு வருகிறது. அவற்றில் பின் நட்டை மட்டும் முறுக்கினால் இரண்டுக்கும் உள்ள பொருத்தம் கெட்டுவிடும். முன் கேபிளையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள்.

குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் இருப்பவர்களுக்குக் கேபிள்தான் முதல் எதிரி. உப்புக்காற்றில் உள்ளே துரு ஏறி, லிவரை விட்டாலும் திரும்பி வராது. ப்ளே கூடிவிட்டது என்று நினைத்து நட்டை முறுக்கினால் இன்னும் இறுகும். லிவரை விலக்கி, கேபிள் முனையைப் பாருங்கள். ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட வேண்டாம். நாளாக நாளாகப் பிசுபிசுத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

எண்ணெய் எதுவானாலும் டிரம், டிஸ்க், சைக்கிள் ரிம் பக்கம் போகவே கூடாது. டிஸ்க் பளபளக்கட்டும் என்று ஸ்பிரே அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், பதறிப்போகிறது. டிஸ்க் பிரேக்கில் நாம் முறுக்க நட்டே கிடையாது, டிஸ்க்கைப் பிடிக்கும் பேடு தேயத் தேய அதுவாகவே நெருங்கிக்கொள்ளும். லிவர் பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று புகுந்திருக்கலாம், அல்லது பிரேக் ஆயில் கெட்டிருக்கலாம். இந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். இரண்டு பருவமழையும் நனைக்கிற நம் மாவட்டத்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள்.

சைக்கிளில் பிரேக் கட்டை டயரைத் தொடக்கூடாது, ரிம்மில் மட்டும் படவேண்டும். டயரில் உரசினால் பக்கச்சுவர் அறுந்து வெடிக்கும். கேபிள் பிரேக்கில் கட்டையைத் தாங்கும் தகட்டுக்கு ஒரு முனை மூடியும் ஒரு முனை திறந்தும் இருந்தால், மூடிய முனை முன்பக்கம் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் இறக்கத்தில் அழுத்தும்போது ரப்பர் உருவிக்கொண்டு வந்துவிடும். விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்கள் ஈரச் சாலையில் பாரத்தோடு இறங்குகிறார்கள். இரும்பு ரிம் நனைந்தால் பிடிப்பு வெகுவாகக் குறையும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளாவது வாரம் ஒருமுறை அந்தக் கட்டையைப் பார்த்துக் கொடுங்கள். ரிம் கோணியிருந்தால் பிரேக்கைத் தளர்த்திச் சமாளிக்காமல் முதலில் கோட்டம் எடுங்கள்.

பெட்ரோல் மிச்சம் என்று கோதையாறு சாலை இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டுபவர்கள் உண்டு. அப்போது முழு பாரமும் பிரேக்கின் மேல். சூடேறச் சூடேறப் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். அந்தச் சாலையில் எந்தக் கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள்.

செட் பண்ணி முடித்ததும் நேரே மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லாத சமமான இடத்தில் 20 கி.மீ. வேகத்தில் முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். பெடல் அளவு மாறினால் பின்னால் எரியும் சிவப்பு விளக்கின் சுவிட்சும் மாறியிருக்கும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே அது எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிறுத்திக் கேளுங்கள்.