மேகத்துக்குள் போனதும் ஃபிரேம் விழுகிறதா? ஃபிளைட் சிமுலேட்டரில் சரிசெய்யும் முறை

தெளிந்த வானத்தில் 45 எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற கணக்கு) தந்த கம்ப்யூட்டர், மழை மேகத்துக்குள் நுழைந்ததும் 28-க்கு இறங்குகிறது. மேகத்தின் அடி விலகி ரன்வே தெரியும் நேரம், கை நிதானமாக இருக்க வேண்டிய நேரம், அப்போதுதான் படம் விக்குகிறது. பலரும் உடனே எல்லா ஸ்லைடரையும் இடது ஓரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அவற்றில் பாதிக்கும் மேகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. மரமும் கட்டடமும் காணாமல் போகும், ஃபிரேம் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும்.

இங்கே சொல்வது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-க்கு. 2024 பதிப்பிலும் அடிப்படை இதுதான், மெனுவின் அமைப்புதான் வேறு. எக்ஸ்-பிளேன் 12, எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட்டின் பழைய ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ்) வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம்.

மேகம் ஏன் இவ்வளவு தின்கிறது

இந்த சிமுலேட்டரில் மேகம் வானத்தில் ஒட்டிய படம் அல்ல, கன அளவு உள்ள பொருள். திரையின் ஒரு புள்ளியிலிருந்து வானத்துக்குள் ஒரு கோடு போவதாக வைத்துக்கொள்ளுங்கள். கிராபிக்ஸ் கார்டு அந்தக் கோட்டில் அடியடியாக நின்று, இங்கே மேகம் எவ்வளவு அடர்த்தி, சூரிய வெளிச்சம் எவ்வளவு எட்டுகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போகும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும், லட்சக்கணக்கான கோடுகளுக்கு.

ஆகவே மேகத்தின் பாரம் ஏறக்குறைய முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான். பிராசஸருக்கு அதில் பங்கு சொற்பம். திரையில் பிக்சல் கூடக் கூட வேலையும் கூடும்: 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 1440பி-யில் 36.9 லட்சம், 4கே-யில் 82.9 லட்சம். 1080பி-யில் ஒரு பொருட்டாகவே தெரியாத அல்ட்ரா மேகம் 4கே-யில் கார்டை மண்டியிட வைப்பது இதனால்தான்.

இன்னொன்று பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். கன்னங்கரேலென்று மூடிய வானம்தான் அதிக பாரம் என்று தோன்றும். ஆனால் அடர்ந்த மேகத்தில் கோடு சீக்கிரமே முட்டிக்கொள்ளும். அதற்குப் பின்னால் எதுவும் தெரியாது என்பதால் கணக்கை அங்கேயே நிறுத்திவிடலாம். மெல்லிய, பிசிறுபிசிறான மேகங்கள் இரண்டு மூன்று அடுக்காக இருந்தால் கோடு ஒன்றைத் துளைத்து அடுத்ததற்குப் போய்க்கொண்டே இருக்கும். மேகத்தின் உயரத்திலேயே பறந்துகொண்டு அடிவானத்தைப் பார்ப்பதும் அப்படித்தான், கோடு மேக அடுக்குக்குள் நெடுந்தூரம் போகிறது. சோதனை செய்வதானால் இந்த நிலையில்தான் செய்ய வேண்டும். தரையில் நின்று அண்ணாந்து பார்த்து செட்டிங்ஸ் முடிவு செய்தால் மேலே போனதும் ஏமாற்றம்தான்.

முதலில் யார் தடை என்று பாருங்கள்

ஜெனரல் ஆப்ஷன்ஸில் டெவலப்பர்ஸ் பகுதிக்குப் போய் டெவலப்பர் மோடை ஆன் செய்யுங்கள். திரையின் மேலே ஒரு மெனு பட்டை வரும். அதில் ஆப்ஷன்ஸ், பிறகு டிஸ்ப்ளே எஃப்பிஎஸ். மூலையில் தோன்றும் சிறு பெட்டியில் எஃப்பிஎஸ்ஸோடு, எது தடையாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கும். 'லிமிட்டட் பை ஜிபியு' என்றால் கிராபிக்ஸ் கார்டு திணறுகிறது. 'லிமிட்டட் பை மெயின்த்ரெட்' என்றால் பிராசஸர். இதைப் பார்க்காமல் எந்த ஸ்லைடரையும் தொடாதீர்கள். பார்ப்பதற்கு முன் வி-சிங்க்கையும் (ஃபிரேமை மானிட்டரின் வேகத்தோடு பூட்டுவது) எஃப்பிஎஸ் வரம்பையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெட்டி சொல்வதை நம்ப முடியாது.

சோதனைக்கு பெரிய நகரம் வேண்டாம். நியூயார்க், லண்டன் போன்ற இடங்களில் கட்டடங்களே பிராசஸரைப் பிழிந்துவிடும், மேகத்தின் கணக்குத் தனியாகத் தெரியாது. ஊர் இல்லாத இடத்தில் ஒரு சின்ன விமானத் தளம் போதும். லைவ் வெதரும் வேண்டாம், அது சோதனைக்கு நடுவிலேயே மாறிக்கொண்டிருக்கும். வெதர் பேனலில் 'புரோக்கன் கிளவுட்ஸ்' பிரிசெட்டைத் தேர்ந்தெடுத்து, பகல் நேரத்தை நிலையாக வைத்து, மேக உயரத்துக்கு ஏறி, ஆக்டிவ் பாஸ் போடுங்கள். விமானம் அந்தரத்தில் நிற்கும், படம் ஓடிக்கொண்டே இருக்கும். காக்பிட்டிலிருந்து நேர் எதிரே பாருங்கள். அரை நிமிடம் விட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பார்வையை அசைக்காமல் 'கிளியர் ஸ்கைஸ்'க்கு மாற்றி, மறுபடி அரை நிமிடம்.

எஃப்பிஎஸ்ஸைக் கழிக்காதீர்கள், மில்லி செகண்டைக் கழியுங்கள். 60-லிருந்து 50-க்கு விழுந்தால் பத்து போய்விட்டது என்று அலறுவோம், ஆனால் ஒரு ஃபிரேமுக்குக் கூடிய நேரம் 3.3 மில்லி செகண்ட்தான். 30-லிருந்து 27-க்கு விழுந்தால் கூடியது 3.7. மூன்று எஃப்பிஎஸ் இழப்பு பத்து எஃப்பிஎஸ் இழப்பைவிடக் கனமானது. 1000-ஐ எஃப்பிஎஸ்ஸால் வகுத்தால் மில்லி செகண்ட் கிடைக்கும். உதாரணத்துக்கு, மேகத்தோடு 36 மில்லி செகண்ட், மேகமில்லாமல் 26 என்றால் உங்கள் கார்டில் மேகத்தின் விலை 10 மில்லி செகண்ட். இனி ஒவ்வொரு மாற்றமும் இந்தப் பத்தில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு நிலையிலும் மெயின்த்ரெட்தான் தடை என்று வந்தால், மேகத்தைக் குறைப்பதில் பயனில்லை. நிலப்பரப்பின் நுணுக்கத்துக்கான டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெயிலை 200-லிருந்து 100-க்கு இறக்குங்கள், ஏஐ விமானப் போக்குவரத்தைக் குறையுங்கள், கிளாஸ் காக்பிட் ரெஃப்ரெஷ் ரேட்டை மீடியத்துக்குக் கொண்டுவாருங்கள். கார்டு சும்மா இருக்கும் நேரத்தை மேகத்துக்குக் கொடுத்து அல்ட்ராவே வைத்துக்கொள்ளலாம், செலவே தெரியாது.

வால்யூமெட்ரிக் கிளவுட்ஸ்

லோ, மீடியம், ஹை, அல்ட்ரா என்று நான்கு படி. அல்ட்ராவிலிருந்து ஹை-க்கு இறங்குவதுதான் இருப்பதிலேயே லாபமான மாற்றம். தூரத்து மேகத்தின் ஓரம் கொஞ்சம் மென்மையாகும், அவ்வளவுதான். பறக்கும்போது வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். மீடியத்தில் மேகத்தின் மேல் பொடிப்பொடியான மணல்போல் ஒரு நடுக்கம் தெரிய ஆரம்பிக்கும், குறிப்பாக சூரியனுக்கு எதிரே. லோ வேண்டவே வேண்டாம். அந்த நிலைக்கு வந்துவிட்டால் மேகத்தை ஹையில் விட்டு ரெசல்யூஷனைக் குறைப்பதே கண்ணுக்கு நல்லது.

இறக்கையின் ஓரத்திலும் ஜன்னல் சட்டத்திலும் பின்னால் மேகம் இருக்கும்போது மட்டும் பல்பல்லாகத் தெரிந்தால் கார்டு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். மேகத்தைத் திரையைவிடக் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கி ஒட்டுவதால் வருவது அது. ஓரங்களின் பல்லை மழுக்கும் ஆன்டி-அலியாசிங்கை டிஏஏ என்ற வகையில் வைத்தால் பெருமளவு அடங்கும். அதை அணைத்துவிட்டு எஃப்பிஎஸ் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்களுக்கு மேகம் முழுக்க மணல் கொட்டியதுபோல் ஆகிவிடும், ஏனென்றால் முந்தைய ஃபிரேம்களைச் சேர்த்து அந்த மணலை மழுங்கச் செய்வதே டிஏஏதான்.

ரெசல்யூஷன்தான் பெரிய நெம்புகோல்

படத்தை உள்ளே திரையின் எத்தனை சதவீத அளவில் வரைவது என்பதுதான் ரெண்டர் ஸ்கேலிங். அது நீளம், அகலம் இரண்டையும் குறைக்கிறது. 100-லிருந்து 80 என்றால் பிக்சல் 64 சதவீதமாகிவிடும், 70 என்றால் 49. டிஏஏ-வோடு 80 வரை இறங்கலாம், அதற்குக் கீழே காக்பிட் எழுத்துகள் மங்கும்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கார்டு இருந்தால் ஆன்டி-அலியாசிங் இடத்தில் டிஎல்எஸ்எஸ் (சிறிதாக வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்கும் முறை) தேர்ந்தெடுத்து குவாலிட்டியில் வையுங்கள். 4கே திரையில் அது உள்ளே 1440பி-யில்தான் வரைகிறது, மேகத்தின் வேலை பாதிக்கும் கீழே போய்விடும். பேலன்ஸ்ட், பெர்ஃபார்மன்ஸ் என்று இன்னும் கீழே போகலாம், பெர்ஃபார்மன்ஸில் கால்வாசி பிக்சல்தான். மேகம் இயல்பிலேயே மென்மையானது என்பதால் இந்தக் குறைப்பை நன்றாகவே தாங்கும். அடி வாங்குவது காக்பிட் திரைகள். உயரமானியின் எண்கள் உருளும்போது பின்னால் நிழல்போல் ஒரு வால் இழுக்கும். ஏர்லைனர் ஓட்டி எண்களையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது எரிச்சல், டிஏஏ-வோடு ரெண்டர் ஸ்கேலிங் 80 வைப்பதே மேல். செஸ்னாவில் ஊர் சுற்றுபவருக்கு டிஎல்எஸ்எஸ் தாராளமாகப் போதும். 1080பி திரையில் மட்டும் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி வேண்டாம், உள்ளே 720பி ஆகிவிடும், எல்லாமே சோற்றுக் கஞ்சி மாதிரி குழையும். அங்கே மேகத்தை ஒரு படி இறக்குவதே சரி.

40 வரிசையிலும் அதற்குப் பிந்தைய ஆர்டிஎக்ஸ் கார்டுகளிலும் ஃபிரேம் ஜெனரேஷன் உண்டு. டிஎக்ஸ்12-உம் (விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் கிராபிக்ஸ் மென்பொருளின் 12-ஆம் பதிப்பு) விண்டோஸின் ஹார்ட்வேர் ஜிபியு ஷெட்யூலிங்கும் ஆனில் இருக்க வேண்டும். அது இரண்டு உண்மையான ஃபிரேமுக்கு நடுவே ஒன்றை இட்டுக்கட்டுகிறது; பிராசஸர் தடையாக இருக்கும்போதும் இது பலன் தரும். ஆனால் ஜாய்ஸ்டிக்கின் பதில் உண்மையான ஃபிரேமைப் பொறுத்தது. அடியில் 20 ஓடினால் எண் 40 காட்டும், கைக்கு 20-ஆகத்தான் தெரியும். அடியில் 30-ஆவது இருந்தால்தான் உதவும்.

வானிலையோடு சேர்ந்து வரும் மற்ற செலவுகள்

லைட் ஷாஃப்ட்ஸ், மேக இடுக்கில் வரும் சூரியக் கதிர்கள். அழகுதான், மீடியமே போதும். ஆம்பியன்ட் ஆக்லூஷன் (மூலை இடுக்குகளில் விழும் மெல்லிய நிழல்) மேகமூட்டமான வெளிச்சத்தில் பெரிதாகத் தெரியாது, அதையும் மீடியத்தில் விடலாம். ஷேடோ மேப்ஸ் 2048-லிருந்து 1536. கண்ணாடியில் மழைத்துளி ஓடுவதற்கான விண்ட்ஷீல்ட் எஃபெக்ட்ஸை மட்டும் விட்டுவையுங்கள், மழையில் பறக்கும் சுகமே அதில்தான் இருக்கிறது.

டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் போர்த்தும் படம்) ரெசல்யூஷனை இறக்கினால் எஃப்பிஎஸ் உயராது, படம் விக்குவதுதான் நிற்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எஃப்பிஎஸ் பெட்டியில் வீடியோ மெமரியின் அளவும் தெரியும். 8 ஜிபி கார்டில் அது வரம்பை முட்டினால், நிரம்பி வழிவது சாதாரண மெமரிக்குப் போகும். திரும்ப எடுத்துவரும்போதெல்லாம் படம் ஒரு கணம் நின்று ஓடும். அப்போது டெக்ஸ்சரை ஹை அல்லது மீடியத்துக்கு இறக்குங்கள், திறந்து கிடக்கும் பிரவுசரை மூடுங்கள். 2020 பதிப்பில் டிஎக்ஸ்12 வைத்திருந்தால் டிஎக்ஸ்11-க்கு மாற்றிப் பாருங்கள், வீடியோ மெமரி குறையும். ஃபிரேம் ஜெனரேஷன் மட்டும் போய்விடும்.

இப்போது, சோதனைக்காக அணைத்த எஃப்பிஎஸ் வரம்பைத் திரும்பப் போடுங்கள். 50-க்கும் 32-க்கும் நடுவே ஊசலாடுவதைவிட ஒரே சீராக ஓடும் 30 கண்ணுக்கு இதம். மானிட்டரின் ஹெர்ட்ஸை மிச்சமின்றி வகுக்கும் எண் வேண்டும்: 60 ஹெர்ட்ஸுக்கு 30, 120-க்கு 40, 144-க்கு 36 அல்லது 48. என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃபிரேம் ரேட்டில் இதைக் கொடுக்கலாம். மோசமான மேகத்தில் உங்களுக்குக் கிடைத்த எண்ணைவிட இரண்டு மூன்று குறைவாக இருக்கும்படி தேர்ந்தெடுங்கள்.

லேப்டாப்காரர்கள் மேலே சொன்ன சோதனையை இருபது நிமிடம் பறந்த பிறகு இன்னொரு முறை செய்ய வேண்டும். மேகம் கார்டை இடைவிடாமல் முழு வேகத்தில் ஓட்டுகிறது. சூடேறியதும் வேகம் தானாகக் குறையும். முதல் ஐந்து நிமிடத்தில் கிடைத்த எண்ணை நம்பி நீண்ட பயணம் கிளம்பினால் இறங்கும்போதுதான் வினை. சார்ஜரைச் செருகியிருக்கிறதா என்று பாருங்கள், பின்பக்கத்தைத் தூக்கி வையுங்கள்.

லைவ் வெதரில் திடீரென்று வானம் துடைத்து வைத்ததுபோல் ஆகி ஃபிரேமும் கூடினால் சந்தோஷப்படாதீர்கள். சர்வரிலிருந்து வானிலை வரவில்லை. ஒரு பிரிசெட்டுக்கு மாற்றி, மீண்டும் லைவுக்கு வந்தால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

வலுக்குறைந்த கார்டுக்கு இன்னொரு வழி, கஸ்டம் வெதர். மூன்று மேக அடுக்கை ஒன்றாக்கி, அதை அடர்த்தியாக வைத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச் பழகுபவருக்கு வேண்டியது எதிரே எதுவும் தெரியாத வெள்ளை. அதற்கு ஓர் அடுக்கே போதும்.

எக்ஸ்-பிளேன் 12, எஃப்எஸ்எக்ஸ்

எக்ஸ்-பிளேனில் டேட்டா அவுட்புட்டில் ஃபிரேம் ரேட் வரிசையைத் திரையில் காட்டச் செய்தால் சிபியு நேரமும் ஜிபியு நேரமும் தனித்தனியாக வரும். எது பெரியதோ அதுதான் தடை. ஜிபியு என்றால் முதலில் எம்எஸ்ஏஏ-வை (ஆன்டி-அலியாசிங்கின் இன்னொரு வகை) 2-க்கு இறக்கிவிட்டு, பிறகு கிளவுட் குவாலிட்டி, அதன் பிறகு எஃப்எஸ்ஆர் (இதுவும் சிறிதாக வரைந்து பெரிதாக்கும் முறை). இந்த வரிசை முக்கியம், ஏனென்றால் எம்எஸ்ஏஏ-வை உயரத்தில் வைத்துக்கொண்டு மேகத்தைக் குறைப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

எஃப்எஸ்எக்ஸில் மேகம் ஒளி ஊடுருவும் தட்டையான படங்களின் அடுக்கு. ஒன்றின் மேல் ஒன்றாக இருபது படம் கிடந்தால் அதே பிக்சலை இருபது முறை வரைய வேண்டும். ஆகவே கிளவுட் டிரா டிஸ்டன்ஸை 110 மைலிலிருந்து 60-க்கும், கவரேஜ் டென்சிட்டியை மேக்ஸிமத்திலிருந்து மீடியத்துக்கும் இறக்குவதே முதல் வேலை. டிரைவரில் 8எக்ஸ் சூப்பர்சாம்ப்ளிங் போட்டிருந்தால் மேகத்தில் அதுதான் கொல்லும், 2எக்ஸ் போதும். வெளியிலிருந்து வாங்கிய மேக டெக்ஸ்சர்களில் 4096 அளவு வேண்டாம். 1024 அளவுள்ள ஒன்று 32-பிட்டில் 4 எம்பி, டிஎக்ஸ்டி5 என்ற சுருக்கிய வடிவத்தில் 1 எம்பி; 512 என்றால் அதிலும் கால்வாசி. எஃப்எஸ்எக்ஸ் 32-பிட் புரோகிராம், எவ்வளவு மெமரி போட்டாலும் 4 ஜிபி-க்கு மேல் தொடாது. நீண்ட பயணத்தின் முடிவில், மழையில், பெரிய விமான நிலையத்தை நெருங்கும்போது அது மூடிக்கொள்வது அந்த 4 ஜிபி நிரம்பித்தான். 512, டிஎக்ஸ்டி5 என்று வைத்தால் மெமரியில் அந்த அளவுக்கு இடம் மிஞ்சும்.